ஹேமகிரி சங்கமும் அசையாத கருவியும்

பெங்களூர் அடுகோடியில் ஹேமகிரி ரெசிடென்சி என்று ஓர் அடுக்ககம் இருக்கிறது. அதில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்பது அதைக் கட்டி விற்ற பில்டருடைய கருத்து. குடியிருப்போர் நலச் சங்கத்தின் கருத்து வேறு. சங்கத்தைப் பொறுத்தவரை அங்கே குடியிருப்பவை விதிகள். மனிதர்கள் அவற்றுக்கு இடைஞ்சல் தராமல் ஓரமாக வசித்துக்கொள்ளலாம், மாதாமாதம் பராமரிப்புக் கட்டணமும் கட்டிக்கொள்ளலாம்.

பால்கனிக் கொடியில் எந்த நிறத் துண்டு தொங்கலாம் என்று பார்க்க அங்கே ஒரு துணைக்குழு உண்டு. நாய்கள் எந்த லிஃப்டில் ஏற வேண்டும், ஏறியபின் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பதற்கு ஒன்று. தீபாவளி விளக்கும் கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் ஒரே அளவு வெளிச்சம் தருகின்றனவா என்று பார்க்க மதநல்லிணக்க மின்சாரத் துணைக்குழு. இத்தனை துணைக்குழுக்களும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் இருக்க, துணைக்குழுக்களுக்கான துணைக்குழு. இவை எல்லாவற்றுக்கும் மேலே செயலாளர் சீனிவாசராகவன். அவர் ஏதோ பெரிய கம்பெனியில் 'பிராசஸ்' பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பிரிவில் என்ன வேலை செய்வார்கள் என்று இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான்.

இந்த அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில்தான் மதலைமுத்து தன் மனைவி பியாட்ரிஸோடு இருந்தார். அல்சூரில் பிறந்து வளர்ந்த மனிதர். ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில், யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று பார்த்தே வாழ்க்கையைக் கழித்தவர். பியாட்ரிஸ் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டு டீச்சர். ஒரே மகன் ரயான் கனடாவில் இருந்தான். லிஃப்ட் இருக்கிற வீடாகப் பாருங்கள் என்று அவன்தான் பிடிவாதம் பிடித்து இவர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தான். லிஃப்ட் இருந்தது. அது வாசல் வரைக்கும்தானே வரும்? பியாட்ரிஸ் விழுந்தது குளியலறையில்.

இடுப்பெலும்பில் கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். வலது கால் ஓரளவு சொன்னபடி கேட்டது. இடது கால் கேட்பதாக இல்லை. கட்டிலில் இருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியில் இருந்து கட்டிலுக்கு என்று அவளுடைய உலகம் இரண்டு முழ இடைவெளிக்குள் சுருங்கிப்போயிற்று. அந்த இரண்டு முழத்தைக் கடக்க ஒரு ஆள் வேண்டும். காலையில் வந்து மத்தியானம் போகும் பணிப்பெண் பிரபா இருக்கிற வரை கவலை இல்லை. மிச்ச நேரத்துக்கு மதலைமுத்துதான். அவருக்கோ வலது தோளில் பழைய தசைக்கிழிசல். கையை உயர்த்தி இறக்கினாலே உயிர் போய் உயிர் வரும்.

ஒரு நாள் காலை பிரபா கதவைத் திறந்தபோது கணவனும் மனைவியும் தரையில் கட்டிலில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். தூக்கப்போய் இரண்டு பேருமாகச் சரிந்துவிட்டார்கள், எழுந்திருக்க முடியவில்லை. மதலைமுத்து தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பியாட்ரிஸ் அவருக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று தன் வகுப்புப் பாட்டு ஒன்றைத் தட்டுத்தடுமாறிப் பாடிக்கொண்டிருந்தாள். பிரபா நல்லவள். நல்லவளாக இருந்ததால் உடனே ரயானுக்குத் தகவல் சொல்லிவிட்டாள்.

ரயான் கத்தவில்லை. கத்தியிருந்தால் மதலைமுத்துவும் பதிலுக்குக் கத்தியிருப்பார். "டாடி, மம்மி விழுந்தா நீங்க இருக்கீங்க. நீங்களும் விழுந்தா யார் இருக்காங்க?" என்று கேட்டான். சர்ஜாபூர் ரோடு பக்கம் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம் பார்த்திருப்பதாகவும், கிறிஸ்துமஸ் லீவில் வரும்போது மம்மியை அங்கே சேர்த்துவிடலாம் என்றும், அப்பா வாரம் ஒருநாள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னான். அதற்குள் நான் தனியாகத் தூக்கிக் காட்டினால் என்று மதலைமுத்து கேட்டார். காட்டுங்க பார்க்கலாம் என்றான் மகன். அதைச் சொல்லும்போது அவன் குரலில் நம்பிக்கையே இல்லை.

அன்று சாயங்காலம் பியாட்ரிஸ் ஒரே ஒரு தரம் சொன்னாள்: "அங்க நல்லாத்தான் பாத்துக்குவாங்க. ஆனா எல்லாரும் 'ஆன்ட்டி'ன்னு கூப்பிடுவாங்க. 'பியா'ன்னு கூப்பிட ஆள் இருக்காது."

மதலைமுத்து சமையலறைக்குப் போய் நின்றார். அடுப்பில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து பியாட்ரிஸுக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் பெண் ஆஞ்சலாதான் அந்த வழியைச் சொன்னாள். தோளை அசைக்கக் கூடாது, சரி. ஆனால் அசைக்காமலே பலம் ஏற்றலாம். அதற்கு ஒரு கருவி உண்டு. காலுக்குக் கீழே ஒரு தகடு. தகட்டில் இருந்து ஒரு சங்கிலி. சங்கிலி முனையில் பிடி. தகட்டின் மேல் நின்று, பிடியைப் பற்றி, முழு பலத்தோடு மேலே இழுக்க வேண்டும். தகட்டின் மேல் தானே நின்றுகொண்டிருப்பதால் எதுவும் நகராது. நகராத அந்தப் போராட்டத்திலேயே தசை முறுக்கேறும். எத்தனை கிலோ பலம் கொடுத்தோம் என்று சின்ன மீட்டர் காட்டும். ஐசோமெட்ரிக் என்று பெயர். நாற்பதைத் தாண்டினால் போதும், மிச்சத்தை ஆன்ட்டியின் வலது கால் பார்த்துக்கொள்ளும் என்றாள் ஆஞ்சலா. பெட்டி வந்த அன்று மதலைமுத்து இழுத்தபோது மீட்டர் பத்தொன்பது காட்டியது. பியாட்ரிஸ் அதைப் பார்த்துவிட்டு, தன் வகுப்பில் சுமாராகப் பாடும் பிள்ளைக்குக் கொடுப்பதைப் போல மெதுவாகக் கைதட்டினாள்.

தொல்லை அந்தப் பெட்டியோடு கூடவே வந்துவிட்டது. கேட்டில் பார்சலைப் பதிவு செய்த காவலாளி, உறையில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்து, 'உடற்பயிற்சிக் கருவி' என்று ஆப்பில் போட்டுவிட்டான். ஹேமகிரியில் வீட்டுக்குள் உடற்பயிற்சிக் கருவி வைக்கத் தடை. என்றோ ஒருவர் எங்கோ ஒரு டம்பெல்லைக் கீழே போட்டு, கீழ் வீட்டு சரவிளக்கு ஆடியதன் நினைவாக அந்த விதி ஏற்பட்டது. டம்பெல்காரர் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார். விளக்கும் ஆட்டத்தை நிறுத்திவிட்டது. விதி மட்டும் இருந்தது.

கீழ் வீடு வித்யாலட்சுமியுடையது. சேலத்தில் இருந்து வந்து ஐ.டி. கம்பெனியில் நல்ல வேலையில் இருப்பவள். சங்கத்தில் சத்தக் கட்டுப்பாட்டுத் துணைக்குழுவின் தலைவி. அவள்தான் புகார் கொடுத்தாள். மதலைமுத்துவைச் சங்க அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். சத்தம் கேட்டதாம்மா என்று அவர் தயங்கித் தயங்கி விசாரித்தார்.

"இல்ல அங்கிள், அதான் பிரச்சனை," என்றாள் வித்யாலட்சுமி. "மேல எக்சர்சைஸ் நடக்குதுன்னு தெரியுது. சத்தமே வர மாட்டேங்குது. எப்ப வரும், எப்ப வரும்னு காத்திட்டிருக்கேன். ரெண்டு வாரமா தூக்கமே இல்லை."

செயலாளர் இதைக் குறித்துக்கொண்டார். அமைதியால் ஏற்படும் தொந்தரவு என்பது விதிப் புத்தகத்தில் இதுவரை விடுபட்டுப்போன ஒரு பகுதி என்றும், அதைச் சுட்டிக்காட்டியதற்காகத் துணைக்குழுவைப் பாராட்டுவதாகவும் சொன்னார். மதலைமுத்து தன் மனைவியின் நிலைமையை விளக்கினார். எல்லோரும் மிகுந்த அனுதாபத்தோடு கேட்டார்கள். அனுதாபம் தெரிவிப்பதற்கு விதியில் தடை எதுவும் இல்லை. பிறகு, எதையும் நேரில் பார்க்காமல் முடிவெடுப்பது சங்கத்தின் வழக்கமில்லை என்று ஆய்வுக்கு நாள் குறித்தார்கள்.

ஆய்வு நாளன்று செயலாளரும் வித்யாலட்சுமியும் வந்து சோபாவில் உட்கார்ந்தார்கள். வித்யாலட்சுமி சத்தம் அளக்கும் ஆப்பைத் திறந்து போனைத் தரையில் வைத்தாள். பியாட்ரிஸ் நாற்காலியில் இருந்தபடியே காபி ஆறுகிறது என்று நினைவூட்டினாள். மதலைமுத்து தகட்டின் மேல் ஏறி நின்று, முழங்காலைச் சற்று மடக்கி, பிடியைப் பற்றி இழுக்கத் தொடங்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. நெற்றி வியர்த்தது. இரண்டு பேரும் காபியைக் குடித்து முடித்தார்கள்.

"ஆரம்பிக்கலாமே சார்," என்றார் செயலாளர்.

"ஆரம்பிச்சுட்டேன் சார்," என்றார் மதலைமுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு.

செயலாளர் குனிந்து சங்கிலியைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். பிறகு மதலைமுத்துவின் முகத்தை, ஓடாத கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். எதையாவது கொஞ்சம் அசைத்துக் காட்டினால் அறிக்கை எழுத வசதியாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டார். அசைத்தால் அது இந்தப் பயிற்சி இல்லை என்றார் மதலைமுத்து. தரையில் இருந்த ஆப் மொத்த நேரத்திலும் பேச்சைத் தவிர ஒரே ஒரு சத்தத்தைத்தான் பதிவு செய்தது. அது செயலாளர் காபி உறிஞ்சிய சத்தம்.

மறுநாள் அறிக்கை வாசிக்கப்பட்டது. ஆய்வின்போது உடற்பயிற்சி எதுவும் நடைபெறவில்லை. எனவே இது உடற்பயிற்சிக் கருவி அல்ல. மதலைமுத்துவின் மனம் ஒரு நொடி குளிர்ந்தது. அறிக்கை அங்கே நிற்கவில்லை. உடற்பயிற்சிக் கருவி அல்லாத ஒன்றை உடற்பயிற்சிக் கருவி என்று கேட்டில் பதிவு செய்தது தவறான தகவல் தந்த குற்றம். உண்மையில் இது என்ன பொருள் என்று தெரியும் வரை சங்கத்தின் பாதுகாப்பில் இருக்கும். காவலாளி வந்து கருவியைத் துணி சுற்றி எடுத்துப் போனான். அவன் முகத்தில் இருந்த வருத்தத்தைப் பார்த்து மதலைமுத்துதான் அவனுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று. அன்றைக்கு மீட்டர் இருபத்தைந்தைத் தொட்டிருந்தது.

கருவி இல்லாவிட்டால் என்ன, சுவரைத் தள்ளுங்கள் என்றாள் ஆஞ்சலா. அதுவும் அதே பயிற்சிதான், சுவரும் நகராது. ஆனால் மதலைமுத்துவின் வீட்டில் சுவர் என்று ஒன்று கண்ணில் படவே இல்லை. இன்டீரியர்காரன் வந்து எல்லாச் சுவரிலும் அலமாரி அடித்துவிட்டுப் போயிருந்தான். ஆகவே அவர் வெளியே வந்து லிஃப்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்த நடைபாதைச் சுவரைக் காலையும் மாலையும் தள்ளினார். மூன்றாம் மாடி கேமராவில் அது தெளிவாகப் பதிவானது. வாட்ஸ்அப் குழுவில் சங்கம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. தலைப்பு: 'கட்டடத்தைத் தள்ளும் முயற்சி குறித்து'.

அலுவலகத்துக்கு அழைத்துப் பேசியபோது செயலாளர் கோபப்படவில்லை. அவருக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. அதுதான் அவரிடம் இருந்த பெரிய தொல்லை. "தள்ளினா இந்தக் கட்டடம் நகராதுன்னு பில்டர் எழுதிக் கொடுத்திருக்கார் சார்," என்றார் பொறுமையாக. "ஆனா தள்ளக் கூடாதுன்னு நாம எங்கயும் எழுதி வைக்கல. அது எங்க குறைதான். மனுஷங்க இவ்வளவு தூரம் போவாங்கன்னு நாங்க எதிர்பார்க்கல." பொதுச் சுவரின் மீது உடல் பாரத்தைச் செலுத்துதல் அன்றிலிருந்து தடைசெய்யப்பட்டது. களைப்பாக இருப்பவர்கள் சாய்ந்துகொள்ளலாமா என்று ஒருவர் குழுவில் கேட்டார். சாய்வதற்கும் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாட்டை வரையறுக்க ஒரு துணைக்குழு அமைந்தது.

டிசம்பர் நெருங்கிக்கொண்டிருந்தது. மதலைமுத்துவுக்கு இரவில் கண்ணை மூடினால் சர்ஜாபூர் ரோடு வந்தது. நம் வீட்டில் நம் மனைவியைத் தூக்க நம் கைக்கு பலம் ஏற்றுவதற்கு இன்னொருவன் அனுமதி எதற்கு என்று அவருக்குள் ஆத்திரம் பொங்கியது. மறுநாள் காலை அதே ஆத்திரத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வணக்கம் சார்" என்று அலுவலகத்தில் போய் நின்றார். வேறென்ன செய்ய முடியும்? கருவி அவர்களிடம் இருந்தது.

தினமும் போனார். பிரபா வீட்டில் இருக்கும் காலை நேரத்தில் போய், கருவி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்பார். உட்காருங்க சார் என்பார்கள். அலுவலகத்தின் மூலையில் பழைய இரும்பு நாற்காலி ஒன்று இருந்தது. அதில் அவர் உட்கார்ந்திருப்பார். செயலாளர் கூட்டத்தில் இருப்பார். கூட்டம் முடிந்ததும் அடுத்த கூட்டத்துக்கு ஏற்பாடு செய்வார். பிறகு நாளைக்கு வாங்க சார் என்பார்.

இதைக் கேட்டுத்தான் ஆஞ்சலா இன்னொரு வழி சொன்னாள். "அங்கிள், சும்மாதானே உக்காந்திருக்கீங்க. அந்த நாற்காலியோட அடியை ரெண்டு கையாலயும் பிடிச்சு மேல தூக்கப் பாருங்க. நீங்களே மேல உக்காந்திருக்கிறதால தூக்க வராது. வராததுதான் வேணும்."

வீட்டில் செய்து பார்த்தார். வீட்டு நாற்காலி பிளாஸ்டிக். ஓரம் கையோடு வந்துவிட்டது. சங்கத்து நாற்காலி அப்படியில்லை. ஹேமகிரியில் உறுதியாகக் கட்டப்பட்ட ஒரே பொருள் அதுதான். மதலைமுத்து அதில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் குனியாமல் கையை விட்டுப் பிடித்து, மூச்சை மெதுவாக விட்டபடி இழுப்பார். விடுவார். மறுபடி இழுப்பார். காத்திருக்கும் நேரம் நீள நீளப் பயிற்சியும் நீண்டது. செயலாளர் உள்ளே போகும்போதும் வரும்போதும் பார்த்தார். நாற்காலியை இறுகப் பற்றிக்கொண்டு, முகம் சிவந்து, கண் கலங்க உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரியவரைப் பார்த்து, சங்கத்தின் மேல் இத்தனை மரியாதை உள்ளவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று மற்றவர்களிடம் மனம் நெகிழ்ந்து சொன்னார். அவருக்கு நாளைக்கு வாங்க என்று சொல்வதில் அதன்பின் ஒரு தனிப் பிரியமே வந்துவிட்டது.

இப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹேமகிரி ஜிம் திறப்பு விழா வந்தது. ஜிம் ஏற்கனவே இரண்டு முறை திறக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் ரிப்பன் வெட்டியதும், உள்ளே யாராவது போய்ப் பொருள்களைக் கெடுத்துவிடுவார்கள் என்று பூட்டிவிட்டார்கள். இந்த முறை திறக்க ஒரு காரணம் இருந்தது: புதிய கருவி வந்திருந்தது. இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்த மதலைமுத்து, மேடையில் சிவப்பு ரிப்பன் கட்டிக் குங்குமம் வைத்து நின்ற தன் சொந்தத் தகட்டையும் சங்கிலியையும் பார்த்தார். பக்கத்தில் பளபளவென்று ஒரு பலகை: 'அன்பளிப்பு: திரு. மதலைமுத்து'. எழுந்து போய், நான் அன்பளிப்பு தரவில்லையே என்று செயலாளரின் காதோரம் சொன்னார். அன்பளிப்பைத் திரும்பப் பெற அன்பளிப்புத் துணைக்குழுவை அணுக வேண்டும், இப்போதைக்கு உட்காருங்கள் என்று காதோரமே பதில் வந்தது.

செயலாளர் மைக்கைப் பிடித்தார். "முதல்ல எனக்கு இந்தக் கருவி புரியல. முழு பலத்தையும் போடறார்; ஒண்ணும் நகரல. இது என்னடா வேலைன்னு நினைச்சேன். அப்புறம் ஒரு நாள் யோசிச்சேன். ஏழு வருஷமா நம்ம சங்கமும் இதைத்தானே செய்யுது? எத்தனை கூட்டம், எத்தனை குழு, எத்தனை உழைப்பு. ஒரு அங்குலம் நகர்ந்திருக்கோமா? இல்லை. ஆனா நம்ம பலம் கூடியிருக்கா இல்லையா?" கூட்டம் பலமாகக் கைதட்டியது. பயிற்சியாளர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வரை ஜிம் பூட்டியிருக்கும் என்றும், தேர்வுக்குழு அடுத்த நிதியாண்டில் கூடும் என்றும் அவர் அறிவித்தார். சான்றோரைக் கௌரவிக்கும் பகுதி வருவதற்குள் மதலைமுத்து எழுந்து வந்துவிட்டார். மேலே பியாட்ரிஸ் தனியாக இருந்தாள்.

அன்று அவர் வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தபோது அவருக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. பியாட்ரிஸ் அவருடைய வலது தோளில் கையை வைத்து, அந்தப் பழைய கிழிசல் இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

ரயான் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வந்திறங்கினான். பெட்டியில் அம்மாவுக்கு ஸ்வெட்டர். போனில் இல்லத்தின் புகைப்படங்கள். தோட்டம் இருக்கிறது, நர்ஸ் இருக்கிறாள், ஜன்னலில் இருந்து ஏரி தெரிகிறது. அவன் கெட்ட பிள்ளை இல்லை. விமானத்தில் வரும் வழியெல்லாம் அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று பயந்துகொண்டே வந்தவன். மறுநாள் காலை பிரபா பால் வாங்கக் கதவைச் சாத்தாமல் கீழே போயிருந்தாள். இப்போது பார்க்கலாமா டாடி என்று கேட்டான். சக்கர நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் சாய்வாக நிறுத்தி, பிரேக்கைப் போட்டு, ஓரமாக நகர்ந்துகொண்டான்.

மதலைமுத்து ஆஞ்சலா சொல்லிக் கொடுத்தபடி முழங்காலை மடக்கினார். இரண்டு கைகளையும் பியாட்ரிஸின் அக்குளுக்குக் கீழே கொடுத்து முதுகில் கோத்துக்கொண்டார். அவள் தன் தாடையை அவர் இடது தோளில் வைத்தாள். எண்ணவில்லை, ஜெபிக்கவில்லை. சங்க அலுவலகத்தில் அந்த இரும்பு நாற்காலியை இழுப்பதுபோல மூச்சை மெதுவாக விட்டு இழுத்தார். இந்த முறை மேலே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பியாட்ரிஸ் எழுந்தாள். கட்டிலை விட்டு, மெத்தையை விட்டு, அவர் நெஞ்சோடு நெஞ்சாக நின்றாள். ரயானின் வாய் திறந்தபடி இருந்தது.

இனித் திரும்பி நாற்காலியில் இறக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் திறந்திருந்த கதவு வழியாகச் சங்கம் உள்ளே வந்தது.

விழாவில் கௌரவிக்கப்படாமல் போன அன்பளிப்பாளரை வீட்டுக்கே வந்து கௌரவிப்பது என்று முடிவாகியிருந்தது. செயலாளர் கையில் மைசூர் பேட்டா தலைப்பாகையும் சால்வையும் ஏலக்காய் மாலையும். வித்யாலட்சுமி கையில் பழக்கூடை. பழக்கூடையை வைக்க அவள் இடம் தேடினாள். அறையில் காலியாக இருந்த ஒரே இடம் சக்கர நாற்காலி. அதில் வைத்தாள்.

"அப்படியே இருங்க சார், அசையாதீங்க," என்றார் செயலாளர். பேட்டாவை மதலைமுத்துவின் தலையில் வைத்தார். சால்வையை இருவரையும் சேர்த்துப் போர்த்தினார். ஏலக்காய் மாலை பியாட்ரிஸின் மூக்கின் மேல் தொங்கியது. தன் போனை ரயானிடம் நீட்டி, தம்பி, குரூப்புக்கு ஒரு போட்டோ என்றார். போனில் இடம் இல்லை என்று வந்தது. பழையது எதையாவது அழித்துவிட்டு எடுக்கச் சொன்னார். எதை அழிப்பது என்று வித்யாலட்சுமியோடு கலந்து பேசினார். மதலைமுத்துவின் கைகள் நடுங்க ஆரம்பித்தன. கீழே வைக்க நாற்காலி இல்லை. திரும்பக் கட்டிலிலேயே உட்கார வைக்கலாம் என்றால், கட்டிலுக்கு முன் செயலாளர் நின்றார்.

வித்யாலட்சுமி கிட்ட வந்து, உண்மையான அக்கறையோடு, மெதுவாகக் கேட்டாள்: "அங்கிள், இப்ப எக்சர்சைஸ் நடக்குதா?"

பியாட்ரிஸ் கணவரின் காதில், அவருக்கு மட்டும் கேட்கும்படி, "விட்டுடாதீங்க" என்றாள். அவர் விடவில்லை. தோள் பற்றி எரிந்தது. அந்த வலியில், காத்திருந்த காலை நேரங்களையெல்லாம் அவர் நினைத்துக்கொண்டார். நாளைக்கு வாங்க சார். நாளைக்கு வாங்க சார். ஒவ்வொன்றும் கையில் இருந்தது.

ரயான் செயலாளரின் போனைப் பழங்களின் மேல் வைத்தான். பழக்கூடையைத் தூக்கிச் செயலாளரின் இரண்டு கைகளிலும் கொடுத்தான். "போயிட்டு வாங்க அங்கிள்," என்றான். சத்தம் போடவில்லை. ஆனாலும் அவர்கள் போனார்கள். போகும்போது, மதலைமுத்துவின் பலத்துக்கு ஹேமகிரி ஜிம்தான் காரணம் என்று குழுவில் போட வேண்டும் என்று வராந்தாவில் செயலாளர் சொல்வது கேட்டது.

மதலைமுத்து திரும்பி, பியாட்ரிஸை நாற்காலியில் இறக்கினார். மெதுவாக, ஒரு சத்தமும் இல்லாமல். தலையில் இருந்த பேட்டா சரிந்து அவள் மடியில் விழுந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்து கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார். கைகள் நடுங்குவது நிற்கவில்லை.

ரயான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சந்தோஷப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது, முடியவில்லை. "இன்னைக்குச் சரி டாடி," என்றான். "நாளைக்கு?"

நாளைக்கும் முடியும் என்று மதலைமுத்து சொல்ல நினைத்தார். நாளைக்கு முடியலாம். அடுத்த வருஷம்? அதற்கு அடுத்தது? பொய் சொல்ல வரவில்லை. அறையில் மூன்று பேருக்கும் அது தெரிந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து ரயானின் போன் அடித்தது. இல்லத்தில் இருந்துதான். இடத்தை இன்று மாலைக்குள் உறுதி செய்ய வேண்டும், காத்திருப்போர் இருக்கிறார்கள், என்ன சொல்கிறீர்கள் என்று ஒரு பெண் பணிவாகக் கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது. ரயான் அப்பாவைப் பார்த்தான். அப்பா கைகளைப் பார்த்தார். என்ன சொல்லட்டும் மம்மி என்று அவன் அம்மாவைக் கேட்டான்.

பியாட்ரிஸ் மடியில் கிடந்த பேட்டாவை நிமிர்த்தி, அதன் ஜரிகையைத் தடவி நேராக்கினாள்.

"விஷயம் துணைக்குழுல இருக்குன்னு சொல்லு," என்றாள். "நாளைக்குக் கூப்பிடச் சொல்லு. நாளைக்கும் அதையே சொல்லு."